கழற்றிய அங்கி

'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியின் கடைக்கு வந்த செந்தில், பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலைப் பொடியாக்கிவிட்டு விழிப்பாரே, நினைவிருக்கிறதா? அந்த வெள்ளை வலைக்குப் பெயர் கொடுத்தது ஓர் உடுப்பு. லத்தீனில் 'மான்டெல்லும்' என்றால் தோளில் போர்த்தும் அங்கி.

மேன்டிலுக்கு முன்னால் 'டிஸ்' சேர்ந்தால் 'டிஸ்மேன்டில்'. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போடுவது என்பது இன்றைய பொருள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பதோ அங்கியைக் கழற்றுவது.

யாருடைய அங்கியை? ஊருடைய அங்கியை! பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை மதிலை இடிப்பதற்கு இந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தக் காலப் போரில் ஊரைப் பிடித்தால் மட்டும் போதாது. எதிரி திரும்பி வந்தாலும் ஒண்ட இடம் இருக்கக் கூடாது. 1713இல் உட்ரெக்ட் உடன்படிக்கை, டன்கிர்க் துறைமுகத்தின் அரண்களைப் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியே தன் செலவில் இடித்துத் தரவேண்டும் என்றது. சட்டையைத் தானே கழற்றிக் கொடுக்கச் சொல்வதைவிடப் பெரிய அவமானம் ஏது?

இந்தக் கணக்கு நம் கரையிலும் தீர்க்கப்பட்டது. 1758இல் கடலூரில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாலி அதை இடித்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மதிலோடு விடாமல் வீடுகளையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் நின்று படமெடுத்துக்கொள்ளும் பிரெஞ்சு வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை.

மதிலிலிருந்து கப்பலுக்கும், அங்கிருந்து இயந்திரத்துக்கும் சொல் நகர்ந்தது. வழியில் அங்கி மறந்துபோயிற்று. தமிழில் அது மறக்கவில்லை என்பேன். சட்டையையும் கழற்றுகிறோம், கார்புரேட்டரையும் கழற்றுகிறோம். 'உடை' என்றால் துணி, 'உடை' என்றால் நொறுக்கு என்பது வேறு கதை; அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

செய்தி மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'டிஸ்மேன்டில்' வரும் இடமெல்லாம் 'தகர்த்தல்' என்று போடாதீர்கள். நிபுணர்கள் வெடிகுண்டைக் கழற்றிய செய்தி, குண்டு வெடித்த செய்தியாகிவிடும்.