உங்க தெரு மேப்பில் இல்லையா? நீங்களே சேர்க்கலாம்... எப்படி?

ஆரணி அருகே கண்ணமங்கலத்தில், நெசவாளர் ஒருவரின் வீட்டுக்கு அவசரமா ஆம்புலன்ஸ் வரணும். தெரு மேப்பில் இல்லைன்னா? வழி கேட்டே நேரம் போயிடும்.

2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். கணக்கு தொடங்குவது இலவசம்.

* செயற்கைக்கோள் படத்தின் மேல் தெருவைக் கோடாகவும், கடையைப் புள்ளியாகவும் வரையணும்.
* படத்தில் கூரை தெரியும்; தெருப் பெயர் தெரியாது. அதை ஊர்க்காரங்கதான் தமிழில் எழுதணும்.
* கூகுள் மேப்பைப் பார்த்து காப்பி அடிக்கக் கூடாது. காப்புரிமைச் சிக்கல் வரும்.
* தப்பாயிட்டா பழையபடி மாத்திக்கலாம்.

இங்கே சேர்த்தது கூகுள் மேப்பில் தானாக வராது. அங்கே திருத்தத்தைத் தனியாக அனுப்பணும். கூகுள் ஏற்ற பிறகே மாறும். அதனால ரெண்டுலயும் சேர்த்துடுங்க.