புதுக் கணினிக்கு ஒரு கடுஞ்சோதனை

மட்பானை வாங்கச் செல்பவர் அதன் வடிவழகை மட்டும் கண்டு பணம் கொடுப்பதில்லை. விரலால் தட்டி ஓசையைக் கேட்ட பின்னரே விலை பேசுகிறார். கண்ணுக்குப் புலனாகாத கீறல் காதுக்குப் புலனாகிவிடும். பல உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பொருத்திப் புதிதாக அமைத்த கணினிக்கும் இத்தகையதொரு சோதனை இன்றியமையாததாகும். ஆளியை அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது என்பதனால் மட்டும் அது பழுதற்றது என்று கொள்ளலாகாது.

பழுதுற்ற பொறி நின்றுவிடுமாயின் தீங்கு சிறிதே. உரிமையாளர் பழுதை அறிந்துகொள்வார். நில்லாது ஓடிக்கொண்டே பிழையான விடையை அளிக்கும் பொறியே அஞ்சத்தக்கது. நினைவகத்தில் ஒரேயொரு 0 தவறி 1 ஆக மாறினும் கணக்கேட்டில் ஒரு தொகை மாறலாம். ஒரு குடும்பப் படம் மீண்டும் திறக்க முடியாததாகலாம். பிழை வெளிப்படுவதற்குள், கெட்டுப்போன பிரதியே காப்புப் பிரதியாகவும் எழுதப்பட்டிருக்கக் கூடும்.

இவ்வச்சம் கணினியுடன் கூடவே பிறந்ததாகும். 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்கத் தொடங்கிய வேர்ள்விண்ட் என்னும் கணினியில் ஏறத்தாழ 5,000 வால்வுகள் இருந்தன. ஜே பொறெஸ்ரரின் தலைமையில் அதனை அமைத்த பொறியியலாளர், மின்னழுத்தத்தை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் பார்த்தனர். நலமான வால்வு அத்துன்பத்தைத் தாங்கும். தளர்ந்த வால்வு அப்பொழுதே பிழை காட்டிவிடும். இவ்வாறு, பழுது நேருமுன்னரே பழுதாகவிருக்கும் உறுப்பு அகற்றப்பட்டது.

இன்றைய சோதனையும் இத்தத்துவத்தையே தழுவியது. முதலாவதாக நினைவகம் சோதிக்கப்படுகிறது. மெம்டெஸ்ட்86 போன்ற செய்நிரல்கள், 0, 1 ஆகியவற்றைப் பல ஒழுங்குகளில் நினைவகம் முழுவதும் எழுதி, எழுதியவாறே மீண்டும் கிடைக்கின்றனவா என்று ஒப்புநோக்குகின்றன. ஈண்டு ஒரு பிழையும் பொறுக்கத்தக்கதன்று.

அடுத்தது செயலி. இதற்குப் பெரிதும் பயன்படும் பிரைம்95, மிகப் பெரிய முதன்மை எண்களைத் தேடுவதற்காக ஜோர்ஜ் வோல்ற்மன் ஆக்கிய செய்நிரலாகும். அவர் 1996ஆம் ஆண்டில் தொடங்கிய அத்தேடலில், இலட்சக்கணக்கான இலக்கங்களையுடைய எண்கள் மீண்டும் மீண்டும் வர்க்கிக்கப்படுகின்றன. ஒரு படியில் நேரும் சிறு வழு இறுதி விடையையே கெடுத்துவிடும். ஆதலின் அச்செய்நிரல் இடையிடையே தன்னைத்தானே சரிபார்க்கிறது. சோதனையின்போது விடைகளை முன்னரே அறியப்பட்ட விடைகளுடன் ஒப்பிடுகிறது. செயலியை முழு மூச்சாக உழைக்கச் செய்வதும், அதன் பிழையைக் கையும் களவுமாகப் பிடிப்பதும் ஒருங்கே நிகழ்கின்றன.

இவ்வுழைப்பினால் வெப்பம் மிகும். பல செயலிகள் 100 பாகை செல்சியசை அணுகும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். குளிர்விப்பான் செவ்வனே பொருந்தவில்லை என்பதற்கு அது அறிகுறியாகலாம். செயலியையும் வரைகலை அட்டையையும் ஒருசேர உழைக்கவிட்டால், மின்வழங்கியின் வலிமையும் புலப்படும்.

பிழை தோன்றின் பல உறுப்புகளை ஒருங்கே மாற்றுதல் தகாது. முதலில் வேகங்களை உற்பத்தியாளர் விதித்த அளவுக்கு மீட்டு, பின்னர் ஒவ்வோர் உறுப்பாக மாற்றிச் சோதித்தாலே குற்றவாளி அகப்படும்.

சோதனைக்கும் ஓர் எல்லையுண்டு. 2016ஆம் ஆண்டு ஜனவரியில், இன்டெல் நிறுவனத்தின் 6ஆம் தலைமுறைச் செயலிகள் பிரைம்95இன் குறிப்பிட்டதொரு கணிப்பில் உறைந்துபோதல் தெரியவந்தது. நிறுவனமும் அதனை ஒப்புக்கொண்டு திருத்தம் வழங்கியது. சந்தைக்கு வருமுன் தயாரிப்பாளர் நடத்திய சோதனைகளையெல்லாம் கடந்து வந்த குறை அது. எனவே, தேறிய கணினி குற்றமற்றது எனல் பொருந்தாது. குற்றம் இதுவரை அகப்படவில்லை என்பதே பொருந்தும்.

ஆயினும், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் தவணை கடப்பதற்கு முன்னர், அரிய ஆவணம் எதனையும் அதனிடம் ஒப்படைப்பதற்கு முன்னர், ஓரிரவு முழுவதும் இச்சோதனையை நடத்துதல் அறிவுடைமையாகும்.