திருநர்களுக்கு 1% வேலை: உங்க ஆபீஸ் நிலைமை என்ன?

கோலார் தங்கவயலில் இருந்து தினமும் பெங்களூருக்கு ரயில் ஏறுபவரா நீங்க? அந்த ரயிலில் வேலைக்குப் போகும் திருநங்கை, திருநம்பி எத்தனை பேரைப் பார்த்திருக்கீங்க?

2021-ல் அரசு வேலையில் திருநர்களுக்கு 1% ஒதுக்கீடு தந்த முதல் மாநிலம் கர்நாடகம். இது ‘கிடைமட்ட’ ஒதுக்கீடு. அதாவது பொது, பட்டியல் சாதி, பிற்படுத்தப்பட்டோர் என ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 1%. ஒரு தலித் திருநங்கை தன் சாதி ஒதுக்கீட்டை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

தனியார் கம்பெனிகளுக்கு இது பொருந்தாது. ஆனா 2019-ம் ஆண்டு திருநர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாடு கூடாது; ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அதிகாரி இருக்கணும்.

மார்ச் 31, திருநர் அடையாள நாள். வாட்ஸ்அப் வாழ்த்தோடு நிறுத்தாம எச்ஆரிடம் கேளுங்க: நம்ம புகார் அதிகாரி யாரு?