“வயலினை மறைச்சு ரூம் பிடிச்சேன்... ஆறே வாரத்துல காலி பண்ணினேன்!” - ஜெர்மனியில் வாடகை வீடு தேடும் இசை மாணவர்களுக்கு ஓர் அனுபவப் பாடம்

அறைக்கதவில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருந்தது. ஜெர்மன் மொழியில் நான்கே வரிகள். ‘நான் மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கிறேன். பகலில்தான் தூங்க முடியும். உங்கள் வயலின் சத்தத்தால் மூன்று வாரங்களாகச் சரியான தூக்கம் இல்லை. தயவுசெய்து உதவுங்கள்.’

“திட்டி எழுதியிருந்தா நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனா, அவங்க கெஞ்சியிருந்தாங்க. அன்னிக்கு முழுக்க நான் வயலின் பெட்டியைத் திறக்கவே இல்லை” என்கிறார் அக்கா.

அக்கா என்றால் என் பெரியம்மா மகள். சென்னை குரோம்பேட்டையில் வளர்ந்தவர். எட்டு வயதில் வெஸ்டர்ன் வயலின் கற்கத் தொடங்கி, கிரேடு தேர்வுகள் எழுதி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் முதுநிலை இசைப் படிப்பில் சேர்ந்தார். “என் பேரைப் போடாதே. நடந்ததை மட்டும் எழுது. அடுத்து வர்ற புள்ளைங்களுக்கு உதவும்” என்ற நிபந்தனையோடுதான் பேசினார்.

சீட் கிடைப்பதுதான் பெரிய மலை என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையான மலை, வாடகை அறை ரூபத்தில் காத்திருந்தது.

இசைக்குப் பேர்போன ஊர்... ஆனால் அறை?

லைப்சிக் சாதாரண ஊர் இல்லை. பாக், 1723 முதல் 1750-ல் இறக்கும்வரை வேலை பார்த்த ஊர். ஜெர்மனியின் மிகப் பழைமையான இசைக் கல்லூரியை 1843-ல் மெண்டல்சன் தொடங்கியதும் இங்கேதான். இப்படிப்பட்ட ஊரில் வயலினோடு வருபவருக்குச் சிவப்புக் கம்பளம் விரிப்பார்கள் என்றுதானே தோன்றும்?

“நானும் அப்படித்தான் நினைச்சேன். அறை கேட்டு அம்பது பேருக்கு மேல மெசேஜ் அனுப்பியிருப்பேன். ‘நான் வயலின் மாணவி’ன்னு எழுதினா பதிலே வராது. வந்தாலும், ‘ஹெட்போன் போட்டு வாசிக்க முடியுமா?’ன்னு கேப்பாங்க. சாதாரண வயலினுக்கு எங்கே போய் ஹெட்போன் மாட்டுறது?” எனச் சிரிக்கிறார்.

இசை மாணவருக்கு வீடு என்பது தூங்கும் இடம் மட்டுமல்ல. தினமும் மணிக்கணக்கில் சாதகம் செய்தாக வேண்டும். கல்லூரியில் பயிற்சி அறைகள் உண்டு என்றாலும், அவை எல்லோருக்கும் பொது. தேர்வு நெருங்கினால் ஒரு மணி நேரம் கிடைப்பதே பாடு.

‘சாவி கூரியரில் வரும்!’

ஆகஸ்ட் மாதம். வகுப்பு தொடங்க ஆறு வாரங்கள்தான் இருந்தன. அப்போது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பெரிய ஜன்னல், மரத்தரை, கல்லூரிக்குப் பக்கம், மாதம் 300 யூரோ. ‘தாராளமாக வாசிக்கலாம், சுவர்கள் தடிமனானவை’ என்று வீட்டுக்காரர் உடனே பதில் எழுதினார். தான் வேலை விஷயமாக லண்டனில் இருப்பதாகவும், மூன்று மாத வாடகையை முன்பணமாக அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். பாஸ்போர்ட் நகலையும் கேட்டார்.

900 யூரோ. நம் பணத்துக்கு எண்பதாயிரத்தைத் தாண்டும். பெரியம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. பெரியப்பா வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“எனக்கு மட்டும் மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ‘வீடியோ கால்ல வீட்டைக் காட்டுங்க’ன்னு கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. கடைசியா, அங்கே ஏற்கெனவே படிச்சிட்டிருந்த ஒரு சீனியரைக் கெஞ்சிக் கேட்டு, அந்த முகவரிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அங்கே இருந்தது ஒரு பல் டாக்டர் கிளினிக்!”

அன்று மாலையே வளையல்கள் திரும்பி வந்தன. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார், வாடகை ஊர் நிலவரத்தைவிட மிகவும் குறைவாக இருக்கும், பார்க்கும் முன்பே பணம் கேட்பார், சாவி தபாலில் வரும் என்பார். வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைக்கும் வாடகை மோசடியின் அடையாளங்கள் இவைதான். இசை மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு தூண்டில் இருக்கிறது. ‘இங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கலாம்’ என்ற அந்த ஒரு வரி!

மறைத்துவைத்த வயலின்

மோசடியிலிருந்து தப்பியவர், அவசரத்தில் இன்னொரு தப்பைச் செய்தார். நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் ஒரு வீட்டில் அறை காலியாக இருந்தது. இந்த முறை விண்ணப்பத்தில் ‘மாணவி’ என்று மட்டுமே எழுதினார். வயலின் என்ற வார்த்தையே இல்லை. அறை கிடைத்துவிட்டது.

“பொய் சொல்லலையே, கேக்காததைச் சொல்லலை, அவ்வளவுதானேன்னு சமாதானப்படுத்திக்கிட்டேன். மியூட் போட்டு மெதுவா வாசிச்சா யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சேன்.”

தெரிந்தது. லைப்சிக்கில் நூறு ஆண்டுகளைத் தாண்டிய அழகான கட்டடங்கள் ஏராளம். அவற்றின் சுவர்கள் தடிமனாக இருக்கும். ஆனால், தளங்களுக்கு இடையே பெரும்பாலும் மர உத்தரங்கள்தான். பக்கத்து வீட்டுக்குக் கேட்காத சத்தம், கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும். அப்படித்தான் அந்த நர்ஸம்மாவின் தூக்கம் கெட்டது.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் முகவரியை உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ‘ஆன்மெல்டுங்’ என்று பெயர். அதற்கு, வீடு கொடுத்தவரின் எழுத்துபூர்வ உறுதிக் கடிதம் அவசியம். அக்காவுக்கு அறை கொடுத்தவரோ, தானே வாடகைக்கு இருப்பவர். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விட்டிருந்தார். அதனால் கடிதம் தர மறுத்தார். பதிவு இல்லையென்றால் வரி எண் வராது, குடியிருப்பு அனுமதிக்கான வேலைகளும் இழுத்துக்கொண்டே போகும்.

ஆறாவது வாரம், இரண்டு பெட்டிகளோடும் ஒரு வயலினோடும் அக்கா வெளியேறினார். வகுப்புத் தோழியின் அறைத் தரையில் பாய் விரித்துப் படுத்த நாள்கள் அவை. “கிளம்புறதுக்கு முன்னாடி கீழ்வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டேன். அவங்க டீ போட்டுக் கொடுத்து, ‘முதல் நாளே வந்து சொல்லியிருந்தா, நான் டியூட்டி நேரத்தைக் கொடுத்திருப்பேனே’ன்னாங்க. அந்த வார்த்தைதான் எனக்குச் சுருக்குன்னு தைச்சது.”

சட்டம் யார் பக்கம்?

இதில் வேடிக்கை என்னவென்றால், மறைக்க வேண்டிய அவசியமே அக்காவுக்கு இருந்திருக்கவில்லை. வீட்டில் இசைக்கருவி வாசிப்பதை ஜெர்மன் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை.

ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு தொழில்முறை ட்ரம்பெட் கலைஞர் மீது பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்கு போட்டார்கள். மாடியறையில் மட்டும், வாரத்துக்கு அதிகபட்சம் 10 மணி நேரம்தான் அவர் பயிற்சி செய்யலாம் என்றது கீழ் நீதிமன்றம். வழக்கு, உச்ச அமைப்பான ஃபெடரல் நீதிமன்றம்வரை போனது. 2018 அக்டோபர் 26 அன்று அந்தத் தீர்ப்பு ரத்து செய்யப்பட்டது.

வீட்டில் இசை வாசிப்பது இயல்பான வாழ்க்கையின் ஒரு பகுதி என்றது ஃபெடரல் நீதிமன்றம். வார நாள்களில் இரண்டு முதல் மூன்று மணி நேரம், ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் என ஒரு தோராய அளவையும் சொன்னது. மதிய, இரவு ஓய்வு நேரங்களை மதிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. தொழில்முறைக் கலைஞருக்குப் பொழுதுபோக்காக வாசிப்பவரைவிடக் கூடுதல் உரிமையும் இல்லை, குறைவும் இல்லை என்பதையும் தெளிவுபடுத்தியது.

இது எல்லா வீட்டுக்கும் ஒரே அளவாகப் பொருந்தும் விதி இல்லை. கட்டடம், சத்தத்தின் அளவு, பக்கத்தில் இருப்பவரின் உடல்நிலை என எல்லாவற்றையும் பார்த்தே முடிவெடுக்கப்படும். பொதுவாக இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். பல வீடுகளின் விதிகளில் மதியம் 1 முதல் 3 வரையும் அமைதி நேரம்தான்.

வாசித்துக் காட்டிப் பிடித்த வீடு

மூன்றாவது முறை, விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே உண்மையை எழுதினார் அக்கா. ‘நான் வயலின் மாணவி. தினமும் இரண்டரை மணி நேரம் வாசிப்பேன். எந்த நேரம் என்பதை உங்களோடு பேசி முடிவுசெய்ய விரும்புகிறேன்.’ பதில்கள் குறைவாகத்தான் வந்தன. ஆனால், வந்தவை எல்லாம் உண்மையான பதில்கள்.

அதில் ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அறையைப் பார்க்கப் போனபோது அக்கா வயலினையும் எடுத்துப் போயிருந்தார். “நான் அஞ்சு நிமிஷம் வாசிக்கிறேன். நீங்க கீழ்வீட்டுல நின்னு கேளுங்கன்னு சொன்னேன். அவங்க நிஜமாவே இறங்கிப் போய், கீழ்வீட்டுக்காரரோடு நின்னு கேட்டாங்க. மேலே வந்து, ‘ஜன்னல் பக்கம் வாசிச்சா கேக்குது, அலமாரிப் பக்கம் நின்னு வாசி’ன்னாங்க. அப்பவே எனக்கு வீடு கிடைச்ச மாதிரி இருந்துச்சு.”

காலை 10 முதல் 12 வரை, மாலை 5 முதல் 5.30 வரை எனப் பேசி, அதை வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு தனித்தாளாக இணைத்து இருவரும் கையெழுத்திட்டார்கள். தரையில் கனமான கம்பளம், சுவரோரம் புத்தக அலமாரி. இரண்டு ஆண்டுகளாக ஒரு புகார்கூட இல்லை.

கிளம்பும் முன் கவனியுங்கள்!

உங்கள் வீட்டிலும் இசை படிக்க ஜெர்மனி செல்லும் பிள்ளை இருக்கிறாரா? அக்காவின் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

* விண்ணப்பத்திலேயே கருவியின் பெயரையும், தினமும் வாசிக்கும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். பத்து பேர் மறுத்தாலும், பதினோராவது வீடு நிம்மதியாக இருக்கும்.

* நேரிலோ, நம்பிக்கையான ஒருவர் மூலமோ வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் நகலையும் அனுப்பாதீர்கள். முதல் மாதத்துக்கு மாணவர் விடுதியிலோ தற்காலிக அறையிலோ தங்கிக்கொண்டு தேடுவது நல்லது.

* முன்பணம், அதாவது ‘காட்சியோன்’, அதிகபட்சம் மூன்று மாத ‘கால்ட்மீட்டே’ மட்டுமே. ஹீட்டர், தண்ணீர் போன்ற செலவுகள் சேராத அடிப்படை வாடகைக்கு அங்கே அதுதான் பெயர். முன்பணத்தை மூன்று சம தவணைகளாகக் கட்டும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. முதல் தவணை, குடியேறும்போதுதான்.

* ‘இந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா?’ என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். உள்வாடகை என்றால், உரிமையாளரின் அனுமதியைக் கண்ணால் பாருங்கள்.

* வீட்டு விதிகளை, அதாவது ‘ஹவுஸ்ஆர்ட்னுங்’கை, கையெழுத்து போடும் முன் ஒரு முறை மொழிபெயர்த்தாவது படித்துவிடுங்கள். அமைதி நேரங்கள் அதில்தான் இருக்கும்.

* கீழே கடை இருக்கும் முதல் மாடி, கட்டடத்தின் ஓரத்து அறை போன்றவை இசை மாணவர்களுக்கு வசதி. செல்லோ, பியானோ என்றால் அதிர்வு தரை வழியாகவே இறங்கும். அடியில் ரப்பர் விரிப்பு அவசியம். டிஜிட்டல் பியானோவில் ஹெட்போன் போட்டாலும், கட்டைகளும் பெடலும் எழுப்பும் தட்டல் சத்தம் கீழே கேட்கும் என்பதை மறக்காதீர்கள்.

* குடியேறிய முதல் வாரமே மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு எனக் கதவைத் தட்டி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். யார் இரவுப்பணி, எந்த வீட்டில் கைக்குழந்தை எனத் தெரிந்துகொண்டால், பாதிப் பிரச்னை வராது.

எல்லாம் பேசி முடித்தபோது, பெரியம்மா காபியோடு வந்து உட்கார்ந்தார். அவரிடம், “மகளை அவ்வளவு தூரம் அனுப்பிட்டு எப்படிப் பெரியம்மா இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“ஆரம்பத்துல எப்போ போன் பண்ணினாலும் ‘பிராக்டீஸ்ல இருக்கேம்மா’ம்பா. இப்போ எங்களுக்குன்னு ஒரு நேரம் இருக்கு. அந்த வீட்டுல மதியம் ஒண்ணுல இருந்து மூணு மணி வரைக்கும் யாரும் சத்தம் போடக் கூடாதாம், வயலினைத் தொடக் கூடாதாம். அந்த நேரத்துல அவ வீட்டுல இருந்தா, உடனே எனக்குப் போன் பண்ணிடுவா” என்றவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தரை. அங்கே குளிர்காலத்து மதியம் ஒரு மணி.

மேசையில் இருந்த போன் ஒலித்தது.