பாறையில் எஞ்சும் எண்ணெய்

எண்ணெய்க் கிணறொன்று வற்றிவிட்டது எனக் கூறப்படுமிடத்து, நிலத்தடியில் எண்ணெய் தீர்ந்துவிட்டதாகவே பலரும் கருதுவர். உண்மை அதுவன்று. பெற்றோலியம் நிலத்தடி ஏரியாகத் தேங்கிக் கிடப்பதில்லை; மணற்கல் போன்ற பாறைகளின் நுண்டுளைகளிலேயே அது தங்கியுள்ளது. இயற்கை அமுக்கம் குன்றியபின் நீரைச் செலுத்தித் தள்ளினாலும், பெரும்பாலான எண்ணெய் வயல்களில் அரைப்பங்குக்கு மேற்பட்ட எண்ணெய் பாறையிலேயே எஞ்சிவிடுகின்றது.

இதற்குக் காரணங்கள் இரண்டு. தடித்த எண்ணெயிலும் பார்க்க நீர் இலகுவிற் பாய்வதால், அது எண்ணெயைச் சீராகத் தள்ளாது, இடையே வழிபிளந்து உற்பத்திக் கிணற்றை அடைந்துவிடுகின்றது. நீர் சென்ற வழியிலுங்கூட, எண்ணெய்த் துளிகள் இடைமுக இழுவிசையினால் துளைகளிற் சிறைப்பட்டு நிற்கின்றன.

முதலாவது தடையை நீக்கப் பல்பகுதியங்கள் பயன்படுகின்றன. பொலியக்கிரிலமைட்டைச் சிறிதளவு கரைத்தாலே நீரின் பிசுக்குமை உயர்ந்து, அது எண்ணெயை ஒருமுகமாகத் தள்ளும். இரண்டாவது தடைக்குச் சவர்க்காரத்தை ஒத்த பொருள்கள் வேண்டப்படுகின்றன. இவை இடைமுக இழுவிசையை ஆயிரத்திலொரு பங்கினும் குறைக்கவல்லன. அப்போது துளிகள் உருமாறி ஒடுங்கிய துளைவாயில்களினூடே நழுவுகின்றன. காரத்தைச் சேர்ப்பின், அது எண்ணெயிலுள்ள அமிலக் கூறுகளோடு தாக்கமுற்றுப் பாறைக்குள்ளேயே சவர்க்காரத்தை ஆக்கும்.

1959 இல் கண்டறியப்பட்ட சீனாவின் தாச்சிங் வயல் இதற்குச் சிறந்த சான்றாகும். 1976 முதல் 2002 வரை ஆண்டுதோறும் 50 மில்லியன் தொன்னுக்கு மேற்பட்ட எண்ணெயை அது வழங்கியது. 1993 இல் சீனா எண்ணெயை நிகரமாக இறக்குமதி செய்யும் நாடாயிற்று. 1996 இல் தாச்சிங்கில் பல்பகுதிய முறை பேரளவிற் புகுத்தப்பட்டது. பின்னர் காரமும் சேர்க்கப்பட்டபோது, பம்பிகளிலும் குழாய்களிலும் படிவுகள் இறுகின. மேலே வந்த எண்ணெயை நீரினின்று பிரிப்பதும் கடினமாயிற்று. இரசாயனம் தந்த பயனுக்கு விலையும் இருந்தது.

ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் வேறு. 1973 இன் விலையேற்றத்தையடுத்து அங்கு இத்தகைய பரிசோதனைகள் பெருகின. 1986 இல் விலை வீழ்ந்ததும் பல கைவிடப்பட்டன. பாறையும் மாறவில்லை, இரசாயனமும் மாறவில்லை, விலையே மாறியது.

எனவே, ‘மீட்கத்தக்க எண்ணெய்’ எனப்படுவது இயற்கை மட்டும் வகுத்த அளவன்று; விலையும் அரசின் தேவையும் அதனைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. எரியும் எண்ணெய் வளிமண்டலத்தின் காபனீரொட்சைட்டைப் பெருக்கிவரும் இன்று, எஞ்சியதை எடுக்க இயலுமா என்பதோடு, எடுக்கத்தான் வேண்டுமா என்ற வினாவும் எழுகின்றது. இதற்கான விடையை இரசாயனவியல் மட்டும் தந்துவிட முடியாது.