பத்தொன்பது மில்லி

ஒரு டீசல் காரில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற இடம் எது என்று கேட்டால், நான்கு தேக்கரண்டித் தண்ணீர்கூடக் கொள்ளாத ஒரு சின்ன வெற்றிடத்தைத்தான் காட்ட வேண்டும். மாருதி ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, டாடா விஸ்டா, ஃபியட் புன்ட்டோ என்று பெயர்கள் பல. அவற்றின் டீசல் வடிவங்களில் ஓடியது பெரும்பாலும் ஒரே எஞ்சின். 1248 சி.சி., நான்கு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 312 சி.சி. பிஸ்டன் கீழே இறங்கும்போது உறிஞ்சிய காற்று முழுவதும், அது மேலே ஏறி முடிக்கிற நேரத்தில் சுமார் 19 மில்லி இடத்துக்குள் ஒடுங்கிவிட வேண்டும். அதே அளவுள்ள பெட்ரோல் எஞ்சினில் இந்த இடம் 30 மில்லியை ஒட்டி இருக்கும்.

காற்றை அப்படி அமுக்கினால் அது சூடேறும். 17 மடங்குக்கு மேல் அமுக்கினால் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள அதில் பாதிச் சூடே ஏறக்குறைய போதும். அதனால்தான் டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. தீக்குச்சியும் இல்லை, பொறியும் இல்லை; வெறும் காற்றை நெருக்கியே நெருப்பு. மலாயா, பர்மா, போர்னியோ பக்கம் மக்கள் மரத்திலும் கொம்பிலும் செய்த சிறு குழாய்க்குள் ஒரு தண்டை ஓங்கி அடித்து, உள்ளே வைத்த பஞ்சைக் கனல வைத்தது இதே வித்தையால்தான். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே உழைப்பாக மாற்றியது. அன்றைய நீராவி எஞ்சின்கள் அதன் அருகில்கூட வரவில்லை.

இது ஏன் பம்பாயின் தாராவிக்கும் செம்பூருக்கும் பேச்சாகிறது? தோல் பதனிட வந்த நெல்லைச் சீமைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாராவியில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். மே மாதம் ஊர்க் கோயில் கொடை, கல்யாணம், சடங்கு. ரயிலில் எட்டுப் பேருக்கு டிக்கெட் கிடைப்பது லாட்டரி மாதிரி. பூனா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை என்று திருநெல்வேலிக்குச் சாலை வழியே சுமார் 1,600 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை ஆள் நிறைய, சாமான் நிறைய, ஏ.சி. போட்டுக்கொண்டு கடக்க டீசலை மிஞ்ச ஆளில்லை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் அதிகம். அதை வீணாக்காமல் வாங்கிக்கொள்வதிலும் எஞ்சின் கெட்டி.

சந்தையில் பழைய டீசல் கார்கள் குவிந்து கிடப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியது; டீசலுக்கு 2014 அக்டோபரில்தான் நீக்கியது. அந்த இடைவெளியில் இரண்டுக்கும் நடுவே விலை வித்தியாசம் அதிகமாக இருந்ததால், ஊரே டீசல் வாங்கியது. ஃபியட் 2003-இல் கொண்டுவந்த அந்த 1.3 லிட்டர் எஞ்சினை மாருதி மானேசரிலும், ஃபியட் பூனாவுக்கு அருகே ரஞ்சன்காவிலும் செய்து தள்ளின. கார்ப் பிரியர்கள் கேலியும் பெருமையுமாக அதை இந்தியாவின் தேசிய எஞ்சின் என்பார்கள். பம்பாய்க்காரர்களுக்கு ஃபியட் புதிதில்லை. குர்லா ஆலையில் பிறந்த பத்மினி டாக்ஸிகளும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்ததோடு மாருதி டீசலையே கைகழுவியது. ஆக, இன்று கைமாறி வருகிற சின்ன டீசல் கார்களில் பெரும்பகுதி அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்து விளைச்சல்.

இனி வாங்குகிற கதை. எல்லோரும் முதலில் மீட்டரைப் பார்க்கிறார்கள். “நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கு” என்று தரகர் சொன்னால் முகம் மலர்கிறது. டீசல் விஷயத்தில் இந்தச் சந்தோஷம் பல சமயம் தப்பான இடத்தில் வருகிறது.

ஒரு கணக்குப் போடலாம். மாட்டுங்காவிலிருந்து பாந்திரா–குர்லா காம்ப்ளெக்ஸ், அங்கிருந்து பிள்ளைகளின் பள்ளி, திரும்ப வீடு என்று ஊர்கிற வண்டி சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 40,000 கிலோமீட்டருக்கு அந்த எஞ்சின் ஏறக்குறைய 2,670 மணி நேரம் சுழன்றிருக்கிறது. பூனா, நாசிக் என்று வாராவாரம் வெளியூர் போகிற வண்டியின் சராசரி 55 என்றால், 1,20,000 கிலோமீட்டருக்கு அது சுழன்றது சுமார் 2,180 மணி நேரம்தான். மீட்டரில் மூன்று மடங்கு ஓடிய வண்டி, உழைப்பில் இளையது.

நேரத்தைவிடப் பெரிய விஷயம் சூடு. டீசல் எஞ்சின் தன் கழிவைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்கிற ஜாதி. அதற்கு அது நன்றாகச் சூடேறி, கொஞ்ச நேரம் அந்தச் சூட்டிலேயே இருக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் போய் அணைத்தால் கரி போகாது. மாசைக் குறைக்க, புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள்ளேயே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு என்ற ஒன்று உண்டு. அந்தப் புகையின் கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து காற்றுப் பாதையில் தாராகப் படியும். நகரத்திலேயே வளர்ந்த வண்டியில் அந்தக் குழாயைக் கழற்றிப் பார்த்தால், விரல் நுழைகிற வழி பேனா நுழைகிற வழியாகச் சுருங்கியிருக்கும். வண்டி இழுக்காது, ஓட்டுநர் இன்னும் அழுத்துவார், இன்னும் கரி சேரும்.

சரி, அந்தச் சின்ன இடம் இறுக்கமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. “அண்ணாச்சி, மீட்டர விடுங்க, ஆயில் மூடியத் தெறங்க” என்பார் வயதான மெக்கானிக். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, எடுத்துவிடாமல் தளர்வாக வைக்க வேண்டும். நல்ல எஞ்சினில் மூடி லேசாக அதிரும், அவ்வளவுதான். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் அமுங்கிய காற்று பக்கவாட்டில் வழிந்து கீழே போய், இந்த வாய் வழியாகக் குப்குப்பென்று புகையோடு வரும். மூடி துள்ளி விழும். மெக்கானிக்குகள் இதை ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். பம்பாயில் இந்தி பேசுகிறவரும் தமிழ் பேசுகிறவரும் இதே பெயரைத்தான் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, இரண்டு நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனைக்கு ஈடாக வேறொன்று இல்லை.

அதே வாயில் ஆயில் கறுப்பாக இருந்தால் பதற வேண்டாம். டீசலில் புது ஆயில்கூடச் சில நூறு கிலோமீட்டரில் கறுத்துவிடும். கரியைத் தன்னிடம் பிடித்துவைப்பது அதன் வேலை. காப்பி மாதிரிப் பால் கலந்த நிறம் தெரிந்தால்தான் ஆபத்து. ஆயிலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து, டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ காரில் அறிமுகமான காமன் ரெயில் முறைதான் டீசலின் சத்தத்தைக் குடும்பக் காருக்கு ஏற்றபடி அடக்கியது. அதற்கு முன் டீசல் என்றாலே கடகடவென்று சத்தம். தெளித்த எண்ணெய் பற்றிக்கொள்ள ஒரு கண நேரத் தாமதம் உண்டு. அதற்குள் சேர்ந்துவிட்டது எல்லாம் ஒரேயடியாக வெடிக்கும்போது எழுந்த சத்தம் அது. புதிய முறை முதலில் துளியூண்டு தெளித்து ஒரு சின்ன நெருப்பை மூட்டிவிட்டு, அதன்பின் மிச்சத்தைத் தெளிக்கிறது. எல்லாம் ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள். இதற்கான அழுத்தம் 1,600 பார் வரை போகும்; ஒரு விரல் நகத்தின் மேல் ஆள்களோடு ஓர் எர்டிகாவை நிறுத்தியதற்குச் சமம். அந்த அழுத்தத்தில் எண்ணெய் வெளியேறும் துளைகள் முடியைவிடச் சற்றே பருமன். கலப்பட டீசலும், மாற்றாத ஃபில்டரும், மழைக்காலத்தில் டாங்கில் சேர்ந்த தண்ணீரும் இவற்றை அரித்துவிடும். நான்கும் போனால் செலவு எஞ்சின் விலையை நோக்கிப் போகும்.

நல்ல டீசல் பட்டறையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வோர் இன்ஜெக்டரும் தெளிக்காமல் திருப்பி அனுப்புகிற எண்ணெயை நான்கு சின்ன பாட்டில்களில் தனித்தனியாகப் பிடிப்பார்கள். சில நிமிடம் ஓடியபின் நான்கிலும் மட்டம் ஒன்றாக இருந்தால் நிம்மதி. ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் ஒழுகுகிறது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், எஞ்சினை ஓட விடாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டிவைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். கறும்புகை காற்று போதவில்லை என்கிறது, நீலப்புகை ஆயில் எரிகிறது என்கிறது. நிற்காத வெள்ளைப்புகை அமுக்கம் குறைந்ததையோ கூலன்ட் உள்ளே போவதையோ சொல்கிறது. ஒன்று மட்டும் பம்பாயில் ஏமாற்றும். குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் இரண்டு செத்துப்போயிருந்தாலும், இந்த ஊர் வெப்பத்தில் வண்டி ஒழுங்காகவே கிளம்பிவிடும்.

நீலப்புகையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. டர்போ என்பது புகையின் வேகத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும் சின்னக் காற்றாடி. அதன் சீல் போய், ஆயில் காற்றுப் பாதைக்குள் ஒழுகத் தொடங்கினால் ஒரு விநோதம் நடக்கலாம்: எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியை எடுத்தபின்பும் வெறிபிடித்ததுபோல் ஓடும். பொறி இல்லாத எஞ்சினை அணைக்க, நெருக்குவதற்குக் காற்றே இல்லாமல் செய்ய வேண்டும். அல்லது பிரேக்கை அழுத்திக்கொண்டு மேல் கியரில் கிளட்சை விட வேண்டும். அபூர்வம்தான். ஆனாலும் டர்போக் குழாயில் ஆயில் ஈரம் கண்டால் அலட்சியம் வேண்டாம்.

2020-க்குப் பிந்தைய பி.எஸ்.6 வண்டிகளில் சேதி வேறு. அவற்றில் டி.பி.எஃப். என்ற தேனடை போன்ற வடிகட்டி கரியைப் பிடித்து வைக்கும். நிறைந்ததும் எஞ்சின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்து, வடிகட்டியை 600 டிகிரி வரை சூடாக்கி, அந்தக் கரியைச் சாம்பலாக்கும். இதற்குப் பதினைந்து இருபது நிமிடம் தடையில்லாத ஓட்டம் வேண்டும். சயன் சிக்னலில் நின்று நின்று போகிறவருக்கு அது எங்கே கிடைக்கும்? பாதியில் எஞ்சினை அணைத்துவிட்டால், தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலந்துவிடும். ஆகவே இந்த வண்டிகளில் ஆயில் குச்சியை உருவிப் பார்க்கும்போது மட்டம் குறைந்திருக்கிறதா என்பதோடு, மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறியிருந்தால் அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கை தெரிந்துவிடும். செம்பூர்க்காரர்களுக்கு ஒரு வசதி: 2013-இல் திறந்த ஈஸ்டர்ன் ஃப்ரீவே, 17 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விடிகாலையில் ஒரு தடவை போய்வந்தால் வடிகட்டிக்கு வேண்டிய சூடு கிடைத்துவிடும். அதற்கும் நேரமில்லை, மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் நடுவேதான் என் ஓட்டம் என்பவர் டீசல் பக்கமே வராமல் சி.என்.ஜி. வண்டி வாங்குவது நல்லது.

பம்பாயில் பழைய கார் வாங்குகிறவர் மழையை மறக்கவே கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அவ்வளவு வேண்டாம், சாதாரண ஆடி மழைக்கே மாட்டுங்கா காந்தி மார்க்கெட்டில் முழங்கால் தண்ணீர். பெட்ரோல் வண்டி தண்ணீரில் பொறி தரும் மின்கம்பிகள் நனைந்து பல சமயம் தானே நின்றுவிடும். அது ஒரு தற்காப்பு. டீசலுக்குப் பொறியே இல்லையே, மூச்சுக் குழல் வழியாகத் தண்ணீரை இழுக்கும்வரை ஓடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனுக்கு மேலே இருப்பது 19 மில்லி இடம். அதைவிட ஒரு மடக்கு கூடத் தண்ணீர் புகுந்தாலும் பிஸ்டன் மோதி, கனெக்டிங் ராடு வளையும்.

கொடுமை என்னவென்றால், கொஞ்சமாக வளைந்த ராடோடு எஞ்சின் மாதக்கணக்கில் ஓடும். துடைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டால் ஆளையே மயக்கும். ஆனால் கணக்கு மயங்காது. இந்த எஞ்சினில் ராடு ஒரே ஒரு மில்லிமீட்டர் குட்டையானாலும் அந்தச் சிலிண்டரின் இடம் 19-லிருந்து 23 மில்லியாகிவிடும். 17-க்கு மேல் இருந்த அமுக்கம் 15-க்குக் கீழே இறங்கிவிடும். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் மூன்று சிலிண்டர் ஒரு மாதிரி, ஒன்று மட்டும் சோர்ந்து காட்டும். கேஜ் கிடைக்காத இடத்தில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத அந்த அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியையும், டாஷ்போர்டுக்குக் கீழே ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பையும் பார்த்துவிடுங்கள்.

காகிதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டு, பிறகு சோதனை செய்து புதுப்பிக்கலாம். மும்பைப் பகுதியில் பெட்ரோல், டீசல் வண்டிகளைப் படிப்படியாக விலக்க முடியுமா என்று ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விலை பேசும்போது அதையும் மனதில் வைக்க வேண்டும். டில்லியில் பத்து வருட டீசல் வண்டிகளுக்கு 2015-இலேயே நெருக்கடி தொடங்கியதால், அங்கிருந்து மலிவு விலையில் இங்கே வருகிற வண்டிகள் உண்டு. அங்கே தடையில்லாச் சான்று, இங்கே சாலை வரி, மறுபதிவு, வண்டியைக் கொண்டுவரும் செலவு என்று கூட்டிக்கொண்டே போனால், செம்பூரில் ஒரே வீட்டுக்காரர் வைத்திருந்த எம்.எச்.03 வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.