சிசுவின் இரத்தத்துக்குப் பூட்டுப் போடும் மரபணு

அரிவாள் செல் இரத்தசோகைக்காக 17 மாநிலங்களில் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க மத்திய அரசு வகுத்த தவணை 2025-26 நிதியாண்டோடு முடிவதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில், கெட்டுப்போன மரபணுவை வெட்டியெறிந்தே இவ்வியாதியைக் குணப்படுத்துகிறார்கள் என்ற எண்ணம் மிகுந்திருக்கிறது. வெட்டப்படுவது அதுவன்று, பழுதேதுமில்லாத பி.சி.எல்.11ஏ என்னும் வேறொரு மரபணுவிலேயே கத்தி படுகிறது.

நோயுள்ள சிசுக்களின் இரத்தத்தில் அரிவாளாய் வளையும் அணுக்கள் பிறந்த புதிதில் மிகச் சிலவே என்பதை 1948-இல் கவனித்த புரூக்ளின் மருத்துவர் ஜேனட் வாட்சன், தாயின் இரத்தத்திலிருந்து பிராணவாயுவை ஈர்ப்பதற்கென்று கர்ப்பத்தில் அமைந்த சிசு ஹீமோகுளோபினே அவர்களைக் காக்கிறதென ஊகித்தார். பிறந்தபின் அதனை அடக்கிவைப்பது பி.சி.எல்.11ஏ தரும் புரதமே என்று 2008-இல் பாஸ்டனில் விஜய் சங்கரனும் ஸ்டூவர்ட் ஆர்க்கினும் காட்டினார்கள். ஆயினும் அம்மரபணுவை அடியோடு அழிப்பதற்கில்லை. மூளையின் வளர்ச்சிக்கும் அது இன்றியமையாதது. பிறவியிலேயே அதன் ஒரு பிரதி கெட்ட குழந்தைகளுக்குப் பேச்சும் அறிவும் தாமதப்படுகின்றன. துறைமுகத்தில் ஒவ்வொரு பாரந்தூக்கிக்கும் தனித்தனி விசை இருப்பதுபோல், இம்மரபணுவை இரத்தச் சிவப்பணுக்களாகும் அணுக்களில் மட்டும் முடுக்கும் ஒரு பகுதி அதனுள்ளேயே இருப்பது 2013-இல் வெளியாயிற்று. அந்த ஒரு விசையை மட்டும் வெட்டினால், அம்மரபணுவின் மற்ற வேலைகளுக்கு ஊறின்றிச் சிசு ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கிறது. இந்த நுட்பத்தை நான் வியக்கிறேன்.

வியப்போடு வருத்தமும் உண்டு. நோயாளியின் மூல அணுக்களை வெளியே எடுத்து வெட்டி, கடுமையான மருந்தால் எலும்பு மஜ்ஜையைக் காலிசெய்தபின் திரும்பச் செலுத்தும் இச்சிகிச்சையை 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அங்கீகரித்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்.

2047-க்குள் இந்நோயை ஒழிப்போம் என்னும் அரசு, எண்ணிக்கை காட்டுகிற பரிசோதனையையும் பார்ப்போம். விரல்நுனித் துளி இரத்தத்தைக் கரைசலில் விட்டு, குழாயின் பின்னுள்ள கோடுகள் மறையுமளவு கலங்கினால் 'உண்டு' என்கிறார்கள். அக்கலங்கல், நோயாளியையும் நோயற்ற கடத்துநரையும் பிரித்துக் காட்டாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையிடமோ, அதே சிசு ஹீமோகுளோபினால் ஏமாற்றவும் கூடும். உறுதிசெய்யும் இரண்டாம் பரிசோதனை எத்தனை பேருக்கு நடந்தது என்பதையே நாம் கேட்கவேண்டும்.

கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மலைநாட்டு வியாதியைப் பற்றிக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஏன் கவலை? இந்தியாவில் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே முதலில் கண்டறியப்பட்டதேயன்றி, அவர்களுக்கு மட்டும் உரியதன்று.

தொற்றுமா? தொற்றாது.

கடத்துநர் இருவர் மணந்தால்? ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு அபாயம்.

மலிவான மருந்து? ஹைட்ராக்ஸியூரியா, அதுவும் பெரும்பாலும் சிசு ஹீமோகுளோபினைக் கூட்டியே பயன் தருகிறது.